விலை கேட்காதவர்கள்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கொரு டிவிடி கடை இருந்தது.
எண்ணெய் முடிந்துபோன உலகங்களை
நூற்றைம்பது ரூபாய்க்கு விற்றேன்.
அட்டையில் எப்போதும் அதே பாலைவனம், அதே ஆள்:
தோல் மேலங்கி, ஒற்றைக் கையுறை,
முதுகுக்குப் பின்னால் பற்றியெரியும் பவுசர்.

இப்போது ஓட்டோ.
பெற்றோல் செட்டுக்கு இன்னும் நூற்றுப் பதினொரு பேர்.
மூன்றாம் இரவு.
முன் ஓட்டோவில் சபூர்தீன் மருமகனின் போனில்
என்னிடம் முன்னொரு காலம் வாங்கிய படத்தையே
திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எண்ணெய் இல்ல எண்டு சொல்லிச் சொல்லியே
எவ்வளவு எண்ணெய எரிக்கிறானுகள், பாத்தீங்களா?"

யோசித்தேன். அந்தப் படங்களில்
ஒரு வண்டியும் நடுவழியில் நின்றதில்லை.
துரத்துகிறவனுக்கும் குறையாது, தப்புகிறவனுக்கும் குறையாது.
உலகமே பட்டினி,
கதாநாயகனுக்கு மட்டும் ஏப்பம்.

இன்னொன்று,
அங்கே யாரும் விலை கேட்பதில்லை.
ஒரு கலனுக்காகக் கழுத்தை அறுப்பான்,
ஊரைக் கொளுத்துவான்,
'லீற்றர் என்ன விலை' என்று வாய் திறக்கமாட்டான்.
எண்ணெய் இருக்கும். அல்லது இருக்காது.
இருந்தும் எனக்கு இல்லாமல் போகும் விதம்
அந்த இயக்குநர்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எங்களுக்கு அது நள்ளிரவில் வரும்.
வெடிச்சத்தம் கிடையாது. ரேடியோவில்
சளி பிடித்த ஒரு குரல், 'இன்று நள்ளிரவு முதல்.'
டிசம்பரில் நூற்று எழுபத்தேழு.
மார்ச்சில் இருநூற்று ஐம்பத்துநான்கு.
ஜூனில் நானூற்று எழுபது.
இதைப் படமாய் எடுத்தால் யார் பார்ப்பான்?
ஒருவன் ஏணி வைத்து ஏறுகிறான்.
பலகையில் இலக்கத்தை மாற்றுகிறான்.
இறங்குகிறான்.
இடைவேளை.

சீனன்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் தன் யுத்தத்துக்குக் கட்டிய தாங்கிகள்
நூறுக்கு ஒன்று குறைய நிற்கின்றன.
துரு, கொடி, உள்ளே வௌவால்.
சினிமாக்காரன் கண்டால் உச்சக்காட்சியை அங்கேதான் வைப்பான்.
நான் அதைத் தாண்டித்தான் ஐந்து லீற்றருக்கு வந்தேன்.
நிறைந்த தாங்கியின் நிழலில் காத்திருந்தோம்
என்று எழுத ஆசை. பொய்யாகிவிடும்.
பெரும்பாலானவை வெறுந்தாங்கி.
நிழல் மட்டும் முழுசு.

இரண்டு மணிக்கு மான்கள் வந்தன.
எங்கள் ஊர் மான்கள் தெரியுமே,
காட்டை விட்டுக் கடைத்தெருக் குப்பையில் மேய்பவை.
பக்கத்து மண்ணெண்ணெய் வரிசையில்
நந்தாவதியின் கலனை ஒன்று முகர்ந்தது.
பிடியில் கட்டியிருந்த இலக்க அட்டையைக் கடித்து,
ஆறுதலாய் மென்று, விழுங்கிற்று.
அறுபத்துநாலு.

படத்தில் என்றால் முதல் இரத்தம் இங்கேதான்.
அறுபத்தைந்தாம் ஆள் புவனேந்திரன்,
நாலு நாளாய்க் கடலுக்குப் போகாதவன்,
அவளைப் பார்த்தான். மானைப் பார்த்தான்.
தன் அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.
எனக்கென்ன, நான் பெற்றோல் வரிசை.
ஆனாலும் என்னுடையதையும் தள்ளினேன்.

சபூர்தீன்தான் படத்தை நிறுத்திவிட்டுப் பேனை தேடினார்.
அவளுடைய உள்ளங்கையில் 64 என்று எழுதி
"வேர்த்தா அழிஞ்சிரும், காத்துல புடிங்க" என்றார்.
அரைகுறைத் தமிழில் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.
விடியும்வரை
யாரிடமோ எதையோ கேட்பவள் போல
கையை விரித்தபடி குந்தியிருந்தாள்.
பவுசர் வரவில்லை.

ஓகஸ்டில் வந்தது.
எண்பத்தேழு ரூபாய் மண்ணெண்ணெய்
ஒரே இரவில் முந்நூற்று நாற்பது.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரிசையே இல்லை.
பம்பில் எண்ணெய் இருந்தது.
பம்படிக்கிற பையன் கதிரையில் தூங்கினான்.
புவனேந்திரனின் வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடந்தது,
அதன்மேல் யாரோ நெத்தலி காயப்போட்டிருந்தார்கள்.

நந்தாவதியை இரண்டு தடவை கண்டேன்,
தலையில் விறகு.
ஓட்டோவை நிறுத்தி ஏற்றியிருக்கலாம்.
மீற்றரைப் பார்த்தேன்,
முள் சிவப்பில்.